கையெழுத்து மாதிரி ஒரு எழுத்துரு

மந்தைவெளியில் ஒரு வீடு. பாட்டிக்கு எண்பதாவது பிறந்தநாள். அழைப்பிதழ் தயாரிக்கும் பொறுப்பு கல்லூரியில் படிக்கும் பேரனிடம் வந்தது. கையால் எழுதியது போல இருக்கவேண்டும் என்று அவனுக்கு ஆசை.

அவன் தேர்ந்தெடுத்தது 'கவிவாணர்' எழுத்துரு. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்துகள் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து, பேனாவை வேகமாக ஓட்டியது போல இருக்கும். பார்க்க அழகுதான்!

அச்சடித்துப் பாட்டியிடம் நீட்டினான். "யாருடா எழுதினது?" என்றார். கணினி என்றதும் மறுபடி உற்றுப் பார்த்தார். "அதானே... மாலை, சாலை, மயிலை, மூணு லையும் ஒரே மாதிரி இருக்கே. கையால எழுதினா மூணும் மூணு விதமா வருமே!"

பாட்டி எழுதும் லை வேறு. தலையில் யானைத் துதிக்கை உள்ள லை. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பெரியார் 1930-களிலேயே 'குடி அரசு' இதழில் கையாண்ட வடிவங்கள் அவை. பள்ளிப் புத்தகங்கள் மாறின. பாட்டியின் கை மாறவில்லை.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. யுனிகோடில் கணினி சேமிப்பது 'ல'வையும் ஐகாரக் குறியையும் மட்டுமே. அவை சேர்ந்து எப்படித் தெரியவேண்டும் என்பது எழுத்துருவின் வேலை. ஆகவே துதிக்கை லை வரும் எழுத்துருவை இன்றும் செய்யலாம். ஒரே எழுத்துக்கு மூன்று வடிவம் வைத்து மாற்றி மாற்றி வரச்செய்யவும் வழி இருக்கிறது. ஆனால் 247 எழுத்துகளுக்கும் அப்படி வரைவது சாதாரண உழைப்பா, நீங்களே சொல்லுங்கள்!

அடுத்த சிக்கல் பெரியப்பாவிடமிருந்து வந்தது. கண்ணாடி போட்டும் அவருக்கு நேரம் 6-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. மெல்லிய கோடும் சாய்வும் உள்ள எழுத்து, தலைப்பு, பெயர், வாழ்த்து போன்றவற்றுக்குப் பொருந்தும். முகவரியையும் நேரத்தையும் பொடியாக அதில் போட்டால் விருந்தினர் தவறான நேரத்துக்கு வந்து நிற்பார்கள்.

பேரன் விவரங்களை நேரான, தடித்த எழுத்துக்கு மாற்றினான். பாட்டி பெயரை மட்டும் கவிவாணரில் விட்டான். பிறகு ஒரு தாளை நீட்டி, "கீழே ரெண்டு வரி நீங்களே எழுதுங்க பாட்டி" என்றான்.

அவர் மறுத்தார். இரண்டு வருடமாகக் கை நடுங்குகிறது. பால் கணக்கு எழுதுவதைக்கூட விட்டுவிட்டார். "கோணல்மாணலா வரும். ஊரெல்லாம் பார்க்கும்" என்றார்.

அன்று அவன் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை தாள் மேசைமேல் இருந்தது. 'எல்லோரும் வேலையை முடித்துவிட்டு மாலை வந்துவிடுங்கள்.' வரி கீழ்நோக்கி இறங்கியிருந்தது. இரண்டு லை. இரண்டிலும் துதிக்கை. ஒன்று கொஞ்சம் நடுங்கியிருந்தது.

ஸ்கேன் செய்து அப்படியே அழைப்பிதழில் வைத்தான். எதையும் திருத்தவில்லை.