அன்னிக்கு ஹாஸ்டல்ல ரெண்டே பேர்!

முதல்லயே ஒரு குற்றத்தை ஒப்புக்கிட்டு ஆரம்பிச்சுடறேன்.

2024 ஏப்ரல் 19. தமிழ்நாடு முழுக்க நாடாளுமன்றத் தேர்தல். எனக்குப் பதினெட்டு முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாக்காளர் அட்டை சுடச்சுடக் கைக்கு வந்திருந்தது. என் ஊர் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925-ல் கண்மூடிய ஊர். ஸ்கூல் படிக்கும்போது அவரைப் பத்திப் பேச்சுப் போட்டியில தொண்டை கிழியக் கத்திக் கைதட்டு வாங்கினவன் நான். அப்பேர்ப்பட்ட நான், முதல் ஓட்டுப் போட ஊருக்குப் போகலை!

உடம்பு சரியில்லையா? இல்லை. எக்ஸாமா? அதுவும் இல்லை. காலேஜ் சேலம் பக்கம்தான். காலையில பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கலாம். ‘பஸ்ல கூட்டமா இருக்கும், நம்ம ஒரு ஓட்டுலயா ஆட்சி மாறப் போகுது’னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன். அவ்வளவுதான் காரணம்.

பத்து மணிக்கு எழுந்து பார்த்தா, ஹாஸ்டலே காலி. எங்க மாடியில என்னைத் தவிர இன்னும் ஒருத்தன்தான் இருந்தான். என் கிளாஸ்மேட். அவனும் எங்க மாவட்டம்தான்.

“நீ ஏன்டா ஊருக்குப் போகலை?”

“எனக்கு ஓட்டு இல்லடா.”

விடுவேனா? “படிச்சவன்தானே நீ? ஃபார்ம் 6 நிரப்பிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? உன்னை மாதிரி ஆளுங்களாலதான்டா நாடு உருப்படாமப் போகுது!” ஓட்டு இருந்தும் போகாதவன், ஓட்டு இல்லாதவனுக்கு நடத்தின கிளாஸ் அது! அவன் சிரிச்சுக்கிட்டே, “வா, டீ சாப்பிடலாம்”னான். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை.

இந்தக் கதை இப்போ எதுக்குன்னா... மாணவ நிருபரா இங்கே சேர்ந்ததும் எனக்கு வந்த வேலை, ‘எம்.பி. ராஜினாமா செஞ்சா இடைத்தேர்தல் வருதே, அதைப் பத்தி யூத் பார்வையில எழுதிட்டு வா’ங்கிறது. நேரா பென்னாகரத்துக்குப் போய் எங்க ஆயாவைப் பிடிச்சேன். இடைத்தேர்தல்னா எங்க வட்டாரத்துல 2010 பென்னாகரம்தான் பேச்சு. அப்போ எனக்கு நாலு வயசு. ஆயாவுக்கு எல்லாம் நேத்து நடந்த மாதிரி இருக்கு.

“அது எலக்சனா கண்ணு? திருவிழா! தெருவுக்குத் தெரு காரு, மைக்கு. பெரிய பெரிய ஆளுங்கள்லாம் நம்ம திண்ணையில வந்து குந்திக்கிட்டு, ‘ஆயா நல்லா இருக்கியா’ன்னு கேட்டாங்க. எண்ணி முடிச்ச மறுநாள் ஒருத்தனையும் காணோம்!”

அந்தத் தேர்தல்ல தி.மு.க. 36,000 ஓட்டுக்கும் மேலான வித்தியாசத்துல ஜெயிச்சது. பா.ம.க. ரெண்டாவது. அ.தி.மு.க.வுக்கு டெபாசிட்டே போச்சு. ஆனா அது சட்டமன்றத் தொகுதி. அதுவும் எம்.எல்.ஏ. இறந்து போனதால வந்த தேர்தல். எனக்கு வேண்டியது ராஜினாமா ஆச்சே!

“அதுவும் பாத்திருக்கோம்”னு ஆயா 1991-க்குப் போயிட்டாங்க. அந்த வருஷம் ஜெயலலிதா பர்கூர், காங்கேயம்னு ரெண்டு சட்டமன்றத் தொகுதியில நின்னு ரெண்டுலயும் ஜெயிச்சாங்க. காங்கேயத்தை விட்டுட்டு பர்கூரை வெச்சுக்கிட்டாங்க. பர்கூர் அப்போ எங்க தருமபுரி மாவட்டம்தான். 2004-லதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆச்சு. “முதலமைச்சர் தொகுதின்னு நமக்கெல்லாம் ஒரே பெருமை”னாங்க ஆயா. “காங்கேயத்துக்காரங்க என்ன நெனச்சிருப்பாங்க ஆயா?”னு கேட்டேன். “அவங்களை யாரு கேட்டாங்க?”ன்னாங்க வெத்தலையை மென்னுக்கிட்டே.

இதையெல்லாம் ஹாஸ்டல்ல உட்கார்ந்து எழுதிக்கிட்டு இருந்தப்போ, அதே கிளாஸ்மேட் எட்டிப் பார்த்தான். “எங்க தாத்தா ஒரு இடைத்தேர்தல் பத்தி ஓயாமப் பேசுவாரு. வர்றியா?”

போனேன். எங்க மாவட்டத்திலேயே இருக்கிற ஒரு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். மூணு வருஷம் ஒரே கிளாஸ்ல உட்கார்ந்திருக்கோம். அவன் வீடு அங்கேதான்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்!

தாத்தா யாழ்ப்பாணத்து ஆள். காங்கேசன்துறைப் பக்கம். வயசு எழுபத்தஞ்சு இருக்கும். இடைத்தேர்தல்னு சொன்னதுமே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தம்பி, செல்வநாயகம் ஐயா தானாத்தான் கதிரையை விட்டவர். ஆரும் விடச் சொல்லேல்லை.”

வந்த பிறகு புத்தகங்களைப் புரட்டினேன். தாத்தா சொன்னது அப்படியே இருக்கு. சுருக்கமாச் சொல்றேன், கேளுங்க.

எஸ்.ஜே.வி.செல்வநாயகம். தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர். ‘தந்தை செல்வா’ன்னா இலங்கைத் தமிழர்கள் எல்லாருக்கும் தெரியும். 1972 மே 22-ம் தேதி இலங்கை குடியரசானது. புது அரசியலமைப்புச் சட்டம் வந்தது. சிங்களம் ஆட்சிமொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம்னு அதுல எழுதினாங்க. பழைய சட்டத்துல சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்புப் பிரிவு புதுசுல இல்லை. அதை எதிர்த்து அந்த வருஷம் அக்டோபர் 3-ம் தேதி, காங்கேசன்துறை எம்.பி. பதவியை ராஜினாமா செஞ்சார் செல்வநாயகம். கூடவே அரசாங்கத்துக்கு ஒரு சவால்: இந்தச் சட்டத்தைத் தமிழர்கள் ஏத்துக்கிட்டாங்களா இல்லையான்னு என் தொகுதியில என்னோட போட்டி போட்டுப் பாருங்க, தோத்துட்டா என் கொள்கையை விட்டுடறேன்.

சவால் விட்டாச்சு. தேர்தல்? அதுதான் வரலை! நாட்டுல அவசரநிலை, பாதுகாப்பு சரியில்லைன்னு காரணம் சொல்லித் தள்ளிக்கிட்டே போனாங்க. அந்தத் தொகுதிக்கு எம்.பி.யே கிடையாது.

“ரெண்டு வரியமும் நாலு மாசமும் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள் தம்பி.”

கடைசியா 1975 பிப்ரவரி 6-ம் தேதி வாக்குப்பதிவு. செல்வநாயகத்துக்கு அப்போ 76 வயசு. பார்க்கின்சன் நோய். குரல் தேய்ஞ்சு போச்சு. எதிர்த்து நின்னவரும் தமிழர்தான். அரசாங்கக் கூட்டணியில இருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் வி.பொன்னம்பலம். முடிவு: செல்வநாயகம் 25,927, பொன்னம்பலம் 9,457. வித்தியாசம் 16,470! 1970-ல் இதே தொகுதியில செல்வநாயகம் வாங்கினது 13,520-தான்.

தாத்தாவுக்கு அப்போ 25 வயசு. “விடிய வெள்ளண வேட்டியைக் கட்டிக்கொண்டு போனனான். புள்ளடி போடேக்கை கை நடுங்கினது.” வாக்குச்சீட்டுல போடுற பெருக்கல் குறியைத்தான் அங்கே புள்ளடிம்பாங்க.

“அப்புறம் சட்டத்தை மாத்தினாங்களா தாத்தா?”

“இல்லை.”

“அப்போ அவ்வளவு நாள் காத்திருந்தது வேஸ்ட்டுதானே?” இப்படிக் கேட்டிருக்கக் கூடாதுன்னு இப்போ தோணுது.

தாத்தா கோபப்படலை. “ஐயா எங்களிட்டைக் கேட்டவர் தம்பி. நாங்கள் பதில் சொன்னனாங்கள்.”

எனக்கு ஆயா சொன்னது சட்டுனு ஞாபகம் வந்துச்சு. ‘அவங்களை யாரு கேட்டாங்க?’

நம்ம நாட்டுல சமீபத்திய பெரிய உதாரணம் வயநாடு. 2024 தேர்தல்ல ராகுல் காந்தி வயநாடு, ரேபரேலி ரெண்டுலயும் ஜெயிச்சார். ஒருத்தர் ரெண்டு தொகுதி வரைக்கும் நிக்கலாம்னு சட்டமே இடம் கொடுக்குது. ரெண்டுலயும் ஜெயிச்சா 14 நாளுக்குள்ள ஒண்ணை விட்டுடணும். ஜூன்ல அவர் வயநாட்டை விட்டார். வாஜ்பாய் விதிஷாவை விட்டதும், மோடி வதோதராவை விட்டதும், சோனியா பெல்லாரியை விட்டதும் இதே கணக்குதான். எந்தக் கட்சியும் விதிவிலக்கு இல்லை பாஸ்!

ஆனா வயநாட்டுல அந்த இடைவெளியில என்ன ஆச்சு? ஜூலை 30 விடியற்காலை முண்டக்கை, சூரல்மலையில நிலச்சரிவு. 250-க்கும் மேற்பட்ட உயிர்கள் போச்சு. ராகுல், பிரியங்கா ரெண்டு பேரும் ரெண்டே நாள்ல அங்கே போனாங்க, உண்மைதான். ஆனா அந்தத் தொகுதிக்குன்னு நாடாளுமன்றத்துல ஒரு எம்.பி. அப்போ இல்லை. நவம்பர் 13-ல்தான் இடைத்தேர்தல். பிரியங்கா காந்தி 4,10,931 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். அண்ணன் ஏப்ரல்ல வாங்கின 3,64,422-ஐவிட அதிகம். ஓட்டுப் போட வந்தவங்க மட்டும் குறைஞ்சுட்டாங்க. ஏப்ரல்ல 73 சதவீதத்துக்கு மேல. நவம்பர்ல 65-ஐக்கூடத் தொடலை.

ஒரு நல்ல விஷயமும் இருக்கு. நம்ம சட்டத்துல, காலியான தொகுதிக்கு ஆறு மாசத்துக்குள்ள தேர்தல் நடத்தணும்னு கெடு இருக்கு. மிச்சப் பதவிக்காலம் ஒரு வருஷத்துக்கும் கம்மின்னா நடத்த வேண்டாம்கிற மாதிரி சில விலக்குகளும் உண்டு. இந்தக் கெடுவே 1996-ல் கொண்டுவந்ததுதான். காங்கேசன்துறைக்காரங்களுக்கு அப்படி ஒரு கெடு இருந்திருந்தா, தாத்தா இருபத்தெட்டு மாசம் காத்திருக்க வேண்டியதில்லை.

ரெண்டு ராஜினாமாவும் சட்டப்படி ஒண்ணுதான். ரெண்டுக்கும் ஒரே மை, ஒரே வரிசை, ஒரே வெயில். ஆனா முதல்ல உள்ளதுல மக்கள்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. அடுத்ததுல, ‘இன்னொரு தடவை வந்து போட்டுட்டுப் போங்க’ன்னாங்க. இனிமே எந்தத் தலைவராவது ராஜினாமா செஞ்சா, ‘மாஸ் காட்டிட்டாருப்பா’னு ஸ்டேட்டஸ் வைக்கிறதுக்கு முன்னாடி, அவர் தன் தொகுதிக்காரங்ககிட்ட என்ன கேட்டார்னு ஒரு நிமிஷம் பாருங்களேன்.

முகாம் கதை இன்னும் முடியலை.

1990-ல் சண்டை மூண்டப்போ ஊரைவிட்டுக் கிளம்பி, படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் வழியா எங்க மாவட்டத்துக்கு வந்தவர் தாத்தா. மகன் கல்யாணம் இந்த முகாம்லதான். பேரன் பிறந்தது தருமபுரியில. ஆனா 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவுல பிறக்கிற குழந்தைக்கு, பிறந்ததால மட்டும் குடியுரிமை கிடையாது. அப்பா, அம்மா ரெண்டு பேரும் இந்தியக் குடிமக்களா இருக்கணும். இல்லேன்னா ஒருத்தர் குடிமகனா இருந்து, இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவர்னு இருக்கக் கூடாது. 2019-ல் திருத்தின குடியுரிமைச் சட்டத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்லேருந்து வந்தவங்க இருக்காங்க; இலங்கையிலேருந்து வந்தவங்க இல்லை.

அதனாலதான் அவனுக்கு ஓட்டு இல்லை. நான் அவனுக்கு ஃபார்ம் 6 பத்திக் கிளாஸ் எடுத்திருக்கேன்!

கிளம்புற நேரத்துல அவங்க அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாங்க. தாத்தா ஆசையாக் கேட்டார். “தம்பிக்கு வோட்டு வந்திட்டுதோ? முதல் வோட்டு எப்பிடி இருந்தது?”

கிளாஸ்மேட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரலை.

“போகலை தாத்தா. ஹாஸ்டல்லயே தூங்கிட்டேன்.”

தாத்தா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார்னு காத்திருந்தேன். “தேத்தண்ணி ஆறுது. குடியும்”னு மட்டும் சொன்னார்.

அன்னிக்கு ஊருக்குப் போனதும் பீரோவைத் திறந்து, துணிக்கு அடியில கிடந்த வாக்காளர் அட்டையை எடுத்து பர்ஸ்ல வெச்சுக்கிட்டேன். பொதுத்தேர்தலோ, இடைத்தேர்தலோ, உள்ளாட்சித் தேர்தலோ... இனி எது வந்தாலும் பாப்பாரப்பட்டி பஸ்ல நான் இருப்பேன். சீட் கிடைக்கலேன்னா படியில நின்னாவது!

உங்க அட்டை எங்கே இருக்கு ஃப்ரெண்ட்ஸ்?