தோரேயும் தொரையும்

"எந்தத் தொர புள்ள?"

பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். போனில் பழைய கரப்பந்தாட்டப் போட்டி ஒன்றை ஓடவிட்டு, "இதான் பெரியம்மா எங்க ஊரு டீமு, தோரே" என்று காட்டினேன். அவருக்கு அது தோட்டத்துத் தொரை என்று விழுந்திருக்கிறது. நாற்பது வருடம் கூடை சுமந்தவருக்கு வேறு எப்படி விழும்?

"தொர இல்ல பெரியம்மா, அது ஒரு கம்பனி."

"ரெண்டும் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஜப்பானில் ஒன்பது வருடம் இருந்தும், 2024-25 பருவத்தில் ஏழு மாதம் கரப்பந்து லீக் பார்த்தும், இவ்வளவு சுருக்கமாக எனக்கு அது பிடிபடவில்லை.

பெரியம்மா இருப்பது கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கலஹாவுக்கு ஏறும் பாதையில், ஒரு தோட்டத்து லயத்தில். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் முதன்முதலாகத் தொழில்முறையில் தேயிலை நட்ட லூல்கந்துர அந்தப் பக்கத்து மலைகளில்தான் இருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டுக்கு லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். ஏப்ரல் 18-ஆம் திகதி தலதா மாளிகையில் புத்தரின் புனித தந்தத்தைப் பொதுமக்களுக்குக் காட்சிக்கு வைத்தார்கள். பதினாறு வருடத்துக்குப் பிறகு வந்த வாய்ப்பு என்பதால் நாட்டில் பாதி கண்டிக்கு வந்துவிட்டது. நகரத்துக்கு ஒரு சாமான் வாங்கப் போன நான், திரும்பும்போது பஸ் கிடைக்காமல் கெட்டம்பை வரை நடந்தேன். வாவியைச் சுற்றி வரிசை, பாதை முழுக்க வரிசை. வெள்ளை உடுப்பில் கைக்குழந்தைகளோடு நின்றார்கள். அந்த நெரிசலுக்குள் நின்றுகொண்டு நான் போனில் தேடியது ஜப்பான் கரப்பந்து லீக்கான எஸ்.வி. லீக் முடிவுகளை. பாவம்தான். ஆனால் லீக் கடைசிக் கட்டத்தில் இருந்தது.

நான் இருப்பது ஷிகா மாகாணத்து ஓட்சுவில், பிவா ஏரிக்கரையில். முதியோர் இல்லமொன்றில் வேலை. கண்டிக்காரிக்கு ஏரிக்கரை ஊர் ஒத்துப்போகும் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் எங்கள் வாவியைப் போல ஆயிரக்கணக்கானவற்றை ஊற்றினாலும் பிவா நிறையாது. முதல் மூன்று வருடம் ஏரியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வேலை, அறை, மொழிப் பரீட்சை, வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போய்விடும். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி ஒரு டிக்கட் மிச்சம் என்று ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு அந்த விளையாட்டைத் தெரியும் என்பதே அதற்குள் மறந்துபோயிருந்தது. சர்வீஸ் போடப் பந்தை மேலே எறிந்த நொடியில் கூட்டம் முழுக்க ஒரே குரலில் "ஸோ...ரே!" என்றது. பாரம் தூக்கும்போது நம் ஆட்கள் போடும் 'ஐலசா' மாதிரியான ஒரு கூவல். இரண்டாவது செட்டில் நானும் கத்தினேன். அந்த வாரம் வேலை நேரத்துக்கு வெளியே நான் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

2024 அக்டோபரில் ஜப்பானின் பழைய வி. லீக்கை மாற்றி எஸ்.வி. லீக் என்று தொடங்கினார்கள். பெண்களுக்கு 14 அணி. ஒவ்வொரு அணிக்கும் 44 ஆட்டம். சனி ஒருமுறை, ஞாயிறு ஒருமுறை என்று அதே எதிரணியோடு அடுத்தடுத்து மோத வேண்டும். சனிக்கிழமை பட்ட அவமானத்துக்கு ஞாயிற்றுக்கிழமையே பழிவாங்கலாம் என்பதால் எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். சமையலறைச் சுவரில் அட்டவணையை ஒட்டி, என் ஷிப்டுக்கு நீலப் பேனாவும் ஆட்டத்துக்குச் சிவப்புப் பேனாவும் வைத்துக்கொண்டேன். இரண்டு மையும் ஒரே கட்டத்தில் விழுந்த நாட்கள் நிறைய.

அணிகளின் பின்னால் இருப்பவர்களைப் பார்த்தால் ஒரு தொழிற்பேட்டைக்குள் நுழைந்தது போலிருக்கும். டென்சோ கார் உதிரிப்பாகக் கம்பனி. என்.ஈ.சி. கம்பியூட்டர். சைதாமாவில் ஒரு ஆஸ்பத்திரிக் குழுமத்தின் அணி. சாகாவில் ஹிசமிட்சு, வலிக்கு ஒட்டும் சலோன்பாஸ் பிளாஸ்டர் செய்கிறவர்கள். சித்தாலேபக்காரர்கள் பெண்கள் கரப்பந்து அணி வைத்து, அது நாட்டின் முதல்தர லீக்கில் ஆடினால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் எஸ்.வி. லீக் கிண்ணத்தை, என்.ஈ.சி. அணியை இறுதிப் போட்டியில் வென்று எடுத்துக்கொண்டது ஒசாகா மார்வலஸ். அதன் பழைய பெயர் ஜே.டி. மார்வலஸ். ஜே.டி. என்றால் ஜப்பான் டொபாக்கோ, சிகரெட் கம்பனி. எங்கள் தோரேயோ நூல் கம்பனி, 1926-ல் ரேயன் இழை செய்யவென்று தொடங்கப்பட்டது. அதன் ஆலை ஓட்சுவில்தான். லண்டன் ஒலிம்பிக்கில் 2012-ல் வெண்கலம் வாங்கிய கிமுரா சவோரி ஆடியதும் தோரேக்குத்தான். அவர் 2017-ல் ஓய்வுபெற்றுவிட்டார், நான் கொஞ்சம் பிந்திப் போய்விட்டேன்.

நூல் கம்பனி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னவர் எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு பாட்டி. எண்பது தாண்டியவர். பெயர் வேண்டாம். ஆட்ட நாட்களில் கூடத்து டீவியில் போட்டியைப் போட்டுவிட்டால் மற்றவர்கள் தூங்குவார்கள், இவர் மட்டும் ரிசீவ் எடுப்பவளைத் திட்டிக்கொண்டிருப்பார். முழங்கால் மடங்கவில்லையாம். கிராமத்தில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு நூற்பாலையில் சேர்த்துவிட்டார்களாம். இரண்டு ஷிப்ட், விடுதி, விடுதிக்கு முன்னால் ஒரு வலை. "வேலை முடிந்து வந்தாலும் காதுக்குள் மெசின் ஓடிக்கொண்டே இருக்கும். பந்து ஆடும்போது மட்டும் நிற்கும்" என்றார்.

ஒசாகாப் பக்கம் கைசுகா என்ற ஊரில் நிச்சிபோ கம்பனியின் நூற்பாலை இருந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் கரப்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது ஜப்பானுக்காக இறங்கிய பெண்களில் பெரும்பாலானவர்கள் அந்த ஆலைக்காரிகள். பயிற்றுநர் தாய்மட்சு ஹிரோபுமி, பர்மாப் போரில் இம்பால் வரை போய் உயிர் தப்பி வந்தவர். தலைவி கசாய் மசாயே. பகலில் ஆலையில் வேலை, பின்னேரம் தொடங்கி நள்ளிரவு தாண்டும் பயிற்சி. பாய்ந்து விழுந்து பந்தை எடுத்து, உருண்டு, தஞ்சாவூர் பொம்மை மாதிரி உடனே நிமிர்ந்து நிற்கும் முறையை அவர்கள்தான் உலகத்துக்குக் காட்டினார்கள். அக்டோபர் 23 அன்று சோவியத் அணியை மூன்று நேர் செட்டில் வென்றார்கள். டோக்கியோ வட்டாரத்தில் அந்த ஒளிபரப்பைப் பார்த்த வீடுகள் 66.8 சதவீதம். கீழைத்தேசச் சூனியக்காரிகள் என்ற பெயர் அவர்களுக்கு அதற்கு முன்பே இருந்தது. தாய்மட்சுவின் பயிற்சியை இன்றைக்கு யாராவது செய்தால் பொலிஸில் புகார் போகும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பாட்டிக்கும் அவர் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை.

நிச்சிபோ பிறகு யுனிட்டிகா ஆனது. 2000-ல் யுனிட்டிகா அணியைக் கைவிட, அது அப்படியே தோரேயிடம் வந்தது. ஆக, நான் துவாயை ஆட்டிக் கத்துவது அந்த ஆலைக்காரிகளின் வாரிசுகளுக்கு. இதைக் கேட்ட நாளிலிருந்து தோரே எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் என்னால் வேறு அணிக்கு மாற முடியவில்லை.

இனி எங்கள் களத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தில் கரப்பந்து புதிதல்ல. கொழும்பு வை.எம்.சி.ஏ.காரர்கள் 1916-ல் கொண்டுவந்த இந்த ஆட்டம் 1991-ல் இலங்கையின் தேசிய விளையாட்டு ஆனது. யாரைக் கேட்டாலும் கிரிக்கெட் என்றுதான் சொல்வார்கள், அது வேறு கதை. ஆனால் மலைச்சரிவில் கிரிக்கெட் ஆட இடம் எங்கே? லயத்துக்குப் பக்கத்தில் சமதரையாகக் கிடைப்பது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் ஒன்றுதான். இரண்டு கம்பம், ஒரு வலை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே ஆட்டம் நடக்கும். நாங்கள், அதாவது பெண்பிள்ளைகள், பந்து பொறுக்கினோம். ஸ்மாஷ் அடித்த பந்து எல்லை தாண்டினால் தேயிலைக்குள் உருண்டு இரண்டு கான் தாண்டிப் போய் நிற்கும். காலில் அட்டை ஏற, இடுப்பளவு செடிக்குள் தேடி எடுத்து மேலே எறிய வேண்டும். நன்றாக எறியத் தெரிந்திருந்தது எனக்கு. அதற்கு மேலே யாரும் கூப்பிடவில்லை. தாய்மட்சு சொன்னபடி அந்தக் களத்தில் உருண்டிருந்தால் நாங்களும் பந்தோடு சேர்ந்து கானுக்குள்தான் போயிருப்போம், அது உண்மை.

ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு ஆம்பிளைப் புத்தி என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். பாதி சரி. மீதி, நேரம். கவ்வாத்து, கான் வெட்டு, மருந்தடி என்று ஆண்களுக்குக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் அளவு வேலை. அளவை முடித்தால் பகல் ஒன்று, இரண்டு மணிக்கே பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், விழுந்துவிடும். கொழுந்து எடுக்கிறவள் பின்னேரம் கடைசி நிறுவை முடியும்வரை மலையில் நிற்க வேண்டும். பதினெட்டோ இருபதோ கிலோ, குறைந்தால் அரைப் பேர். மடுவத்திலிருந்து இறங்கி, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை எடுத்துக்கொண்டு, பீலியில் தண்ணீர், விறகு, அடுப்பு. அவள் வீடு வரும்போது களத்தில் மூன்றாவது செட் முடிந்து இருட்டிக்கொண்டிருக்கும். பெரியம்மா வாழ்நாளில் ஒரு முறையாவது அந்தப் பந்தைத் தொட்டிருக்கிறாரா என்று கேட்டேன். "வேட்டி தொவைச்சுக் குடுத்திருக்கேன்" என்றார். பெரியப்பா தோட்டத்து டீமில் செட்டர்.

நூற்பாலைக்காரிகள் கொடுத்துவைத்தவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுடைய மாலை நேரமும் கம்பனியுடையதுதான், வலையும் கம்பனியுடையது. ஆனால் ஷிப்ட் முடிந்தது என்று யாரோ மணி அடித்தார்கள். எங்கள் பெண்களுக்கு அந்த மணி இல்லை.

இப்போது அக்காவின் மகளுக்கு அந்த மணி அடிக்கிறது. பல்லேகலவில் கண்டித் தொழிற்பேட்டையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். எங்கள் தோட்டத்தில் அவள் வயதுப் பெண்கள் பாதிப் பேர் கொழுந்துக்குப் போவதில்லை. விடிய முன்னர் பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. தொழிற்சாலையில் பெண்கள் அணி இருக்கிறதாம், போட்டிக்கு முந்தின சில வாரம் வேலை நேரத்திலேயே பயிற்சிக்கு விடுவார்களாம். நாட்டின் பெரிய பெண்கள் அணிகளும் இராணுவம், விமானப்படை, பொலிஸ், துறைமுகம் என்று சம்பளம் கொடுக்கும் இடங்களில்தான் இருக்கின்றன. கைசுகா கதையை அவளுக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப அவளுகளும் கார்மெண்டு புள்ளைங்கதானா சின்னம்மா?" என்றாள். நூலுக்கும் உடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க நான் முயலவில்லை.

ஒன்றை மட்டும் எச்சரித்தேன். கம்பனி கொடுத்ததைக் கம்பனியே எடுத்துக்கொள்ளும். ஜப்பானில் எழுபது, எண்பதுகளில் அசைக்க முடியாத அணி ஹிட்டாச்சி. 2001-ல் கம்பனி கணக்குப் பார்த்து அணியைக் கலைத்தது. பந்து அடித்தவர்களுக்கு அதில் ஒரு சொல் இல்லை. பெரியம்மா சொன்னாரே, இரண்டும் ஒன்று என்று, அதைத்தான் இந்த இடத்தில் நினைத்தேன். எஸ்.வி. லீக் இப்போது முழுத் தொழில்முறைக்குப் போக வேண்டும் என்கிறது, அணிகள் தங்கள் பெயரில் ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. எங்களுடையதும் தோரே ஏரோஸ் ஷிகா. கம்பனி போனாலும் ஊர் நிற்கும் என்ற கணக்கு. நிற்குமா என்பது பணம் குறையும் வருடத்தில்தான் தெரியும்.

அவளுக்கு அதைவிட உடனடியான பிரச்சினை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் களத்தில் கொஞ்சம் பழகலாம் என்று போனால், "நெட்ட எறக்கச் சொன்னேன், சிரிக்கிறானுங்க சின்னம்மா. ஏணி வச்சுக்கோங்கிறானுங்க." எழும்பி எழும்பி வலையில் அடித்துவிட்டு வந்துவிடுகிறாள். நான் திரும்புவதற்கு முதல் நாள் இருவரும் அளவுநாடா எடுத்துக்கொண்டு போய் அளந்தோம். ஆண்களுக்குரிய அளவில் அச்சொட்டாகக் கட்டியிருந்தார்கள். அந்தக் கவனத்துக்குப் பாராட்டு.

ஆகவே கலஹாவிலும் தெல்தோட்டையிலும் பன்விலையிலும் களம் வைத்திருக்கும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்களுக்கு வலை உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. கம்பத்தில் 19 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கொக்கி அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வலை அந்தக் கொக்கியில் இருக்கட்டும், பந்து பொறுக்க நீங்கள் போங்கள்.