விதைப்பையில் தைத்த கவுன்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் குருத்துப்பூச்சி, தென்னையில் குரும்பை உதிர்வு, மண் பரிசோதனை என்றுதான் இருக்கும். போன வாரம் ஒரு சகோதரி வேறு மாதிரி எழுதியிருந்தார். "ஐயா, இது விவசாயக் கேள்வியா என்று தெரியவில்லை. வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது. மருந்து கலந்த விதை வந்த பைகளும் உரச் சாக்குகளும் கிழியாமல் நன்றாகக் கிடக்கின்றன. துவைத்துப் பிள்ளைகளுக்குப் பையும் படுக்கை விரிப்பும் தைக்கலாமா? எத்தனை தண்ணீர் அலசினால் மருந்து போகும்?"

விவசாயக் கேள்விதான் அம்மா. இதே கேள்வியை என்னிடம் ஒருவர் கிட்டத்தட்ட கேட்டிருக்கிறார். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் அது. உளுந்து, பயறு விதையெல்லாம் வெள்ளைக் காடாத் துணிப் பையில் வரும். நல்ல கெட்டித் துணி. விதைத்து முடித்ததும் அந்தப் பையைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. பிரித்துத் துவைத்தால் தலையணை உறைக்கு ஆகும், பிள்ளைக்கு ஒரு ஜட்டிக்கு ஆகும். ஒரு நாள் வயல் பார்க்கப் போன இடத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. போட்டிருந்தது விதைப்பையில் தைத்த கவுன். முதுகில் சிவப்பு மையில் "நச்சு மருந்து கலந்தது, உண்ணக் கூடாது" என்ற எழுத்து பாதி அழிந்தும் அழியாமலும் தெரிந்தது. கூட வந்தவர், "பாருங்க சார், நம்ம துறைக்கு விளம்பரம்" என்றார். நானும் சிரித்தேன்.

குழந்தையின் அம்மா கவுனைத் தூக்கி இடுப்பைக் காட்டினார். "இங்க தடிப்புத் தடிப்பா வருது சார். ராத்திரியெல்லாம் சொறியுது. வேர்க்குருவா?" நான் வைத்தியர் இல்லை. ஆனால் எதையாவது சொல்ல வேண்டும் என்ற வயசு. தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தேன்.

அந்தத் தடிப்புக்கு அந்தத் துணிதான் காரணம் என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விதைநேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் திரம் அல்லது 2 கிராம் கார்பென்டாசிம் என்று அதே வாரத்தில் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். திரம் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும் என்பதையும் கல்லூரியில் படித்திருந்தேன். படித்தது ஒரு பக்கம், பிள்ளையின் இடுப்பு ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றியது பல மாதம் கழித்து. அதற்குள் அந்தக் குடும்பம் கரும்பு வெட்டப் போய்விட்டது.

ஆகவே சகோதரிக்குப் பதில். மருந்து கலந்த விதை வந்த பையை எத்தனை தண்ணீர் அலசினாலும் உடுத்த, படுக்க, தின்பண்டம் வைக்கப் பயன்படுத்தாதீர்கள். இந்த மருந்துகள் தண்ணீரில் எளிதில் கரைபவை அல்ல, நூலிழைக்குள் உட்கார்ந்துகொள்ளும். அலசிய தண்ணீரும் மாட்டுத் தொட்டிப் பக்கமோ கிணற்றடியிலோதான் போய்ச் சேரும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் போட்ட எந்த மருந்துப் பையானாலும் இதே பதில்தான். மறுபடி யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி கிழித்துவிட்டு, லேபிளில் சொன்னபடி அப்புறப்படுத்துங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம். யூரியாச் சாக்கு அவ்வளவு மோசமில்லை. கழுவிக் காயவைத்து எரு அள்ள, சருகு கட்ட வைத்துக்கொள்ளலாம். தானியம் கொட்டவும் பிள்ளை படுக்கவும் அதுவும் வேண்டாம்.

வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போகிற அதிகாரிகளை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அப்படியானால் எந்தத் துணியில் தைப்பது என்று கேட்பீர்கள் அல்லவா? அதற்கு என் அம்மாவிடம்தான் போக வேண்டும்.

அம்மாவிடம் கையால் சுற்றுகிற பழைய மெஷின் ஒன்று இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் சக்கரத்தைச் சுற்றுவது என் வேலை. அப்படித்தான் எனக்குத் தையல் வந்தது. எங்கள் வீட்டில் புதுத் துணி வருடத்துக்கு ஒரு முறை. மற்றதெல்லாம் அப்பாவின் வேட்டியும் அம்மாவின் நூல் சேலையும்தான். சேலை நடுவில்தான் நைந்திருக்கும். முந்தானைப் பக்கமும் உள்கட்டுப் பக்கமும் திடமாக இருக்கும். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் நைந்த இடம் சல்லடை மாதிரி தெரியும். அதை ஒதுக்கிவிட்டு வெட்ட வேண்டும்.

பழைய துணி என்று எடுக்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, கிடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் பொடியாக உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். அந்த மணிதான், பாவாடையில் தீப்பிடித்தால் பிள்ளையின் தோலிலும் ஒட்டும். விறகு அடுப்புள்ள வீட்டில் சிறுசுகளுக்குப் பருத்தியில் தையுங்கள். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், உருகி ஒட்டாது.

முதலில் கை பழக ஒரு தலையணை உறை. 17 அங்குல அகலமும் 27 அங்குல நீளமும் உள்ள தலையணை என்றால், பழைய வேட்டியில் 63 அங்குல நீளம், பதினெட்டரை அங்குல அகலம் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு குறுகிய ஓரங்களையும் ஓர் அங்குலம் மடித்து அடியுங்கள். துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரியுங்கள். வலது முனையில் 7 அங்குலம் விட்டுவிட்டு, இடது பக்கத்தை மடித்து அந்த 7 அங்குலக் கோடு வரை கொண்டுவாருங்கள். பிறகு அந்த 7 அங்குலத்தை அதன்மேல் மடித்துப் போட்டு, இரண்டு நீளப் பக்கங்களையும் அரை அங்குலம் விட்டுத் தைத்துத் திருப்புங்கள். பட்டனும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். தலையணை வெளியே நழுவாது. மடிப்பின் வரிசை மாறினால் உள்ளே இருக்க வேண்டிய மடிப்பு வெளியே வந்துவிடும். நான் இரண்டு முறை மாற்றித் தைத்திருக்கிறேன். என் மனைவி அந்த இரண்டையும் விருந்தாளி வந்தால் எடுத்துக் கொடுப்பார்.

அடுத்தது வளர்கிற பெண் பிள்ளைக்குப் பாவாடை. இதில்தான் அம்மாவின் கெட்டிக்காரத்தனம். இடுப்புச் சுற்றளவைப் போல் இரண்டரை மடங்கு அகலம் எடுப்பார். நீளத்துக்கு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்து, நாடா கோக்க 2 அங்குலம், கீழ் ஓரம் மடிக்க 1 அங்குலம், அதற்கு மேல் 8 அங்குலம் கூடுதலாக விடுவார். அந்த 8 அங்குலம் எதற்கு? கீழ் ஓரத்துக்குச் சற்று மேலே, 2 அங்குல ஆழத்தில் இரண்டு டக் பிடிப்பார். ஒவ்வொரு டக்கும் 4 அங்குலத் துணியை விழுங்கிக்கொள்ளும். பிள்ளை வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிட வேண்டியதுதான். என் தங்கை ஒரே பாவாடையை ஒன்றாம் வகுப்பிலும் போட்டாள், மூன்றாம் வகுப்பிலும் போட்டாள். டக் பிரித்த இடத்தில் துணி வெளுக்காமல் கோடு கோடாகத் தெரியும். அதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். அம்மா அந்தக் கோட்டின்மேல் கலர் நூலில் சங்கிலித் தையல் போட்டுக்கொடுத்தார். மறு வாரம் கேலி செய்த பிள்ளையின் அம்மா, எங்கள் வீட்டு வாசலில் ஒரு பாவாடையோடு நின்றார்.

டக்கை மெஷினில் போடுவதென்றால் பெரிய தையலாக வைத்துக்கொள்ளுங்கள். சிறு தையல் போட்டால் பிரிக்கும்போது துணியும் கிழியும். மெஷின் இல்லாதவர்கள் கையால் ஓட்டுத் தையல் போட்டாலே போதும்.

கேட்டது பள்ளிக்கூடப் பை. அதற்குப் பழைய பேன்ட் துணியை விட்டால் வேறு இல்லை. இரண்டு கால்களையும் பிரித்து விரித்தால் ஒரு பைக்கு வரும். அடியில் துணியை இரட்டையாகப் போடுங்கள். பிடி தைக்கிற இடத்தில்தான் எல்லாப் பையும் பிய்யும். பிடியின் முனையை 2 அங்குலம் பைக்குள் இறக்கி, சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போல் குறுக்கே இரண்டு தையல் போடுங்கள். அந்தப் பெருக்கல் குறியைச் சோம்பலில் விட்டால் மூன்றே மாதத்தில் புத்தகம் ரோட்டில் கிடக்கும்.

இன்னொன்று, இது நீங்கள் கேட்காதது. உங்கள் வீட்டுக்காரர் மருந்தடிக்கப் போகும் சட்டை எங்கே தொங்குகிறது? பல வீடுகளில் பிள்ளையின் சீருடைக்குப் பக்கத்துக் கொடியில்தான். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் இந்தச் சட்டையைப் பற்றிப் பேசாமல் நான் இறங்குவதில்லை. முழுக்கைச் சட்டை ஒன்றையும் பேன்ட் ஒன்றையும் அதற்கென்றே ஒதுக்குங்கள். சட்டைப் பையைப் பிரித்து எடுத்துவிடுங்கள். அதில் மருந்துத் தூசி தங்கும், பீடியும் தங்கும். கை முனையில் எலாஸ்டிக் வைத்துத் தையுங்கள். அந்த உடுப்பை வைக்க, வீட்டில் வேறு எதற்கும் இல்லாத நிறத்தில், பெரிய சுருக்குப் பை ஒன்று தைத்துத் தொழுவத்தில் மாட்டுங்கள். அடித்து முடித்த அன்றே அதைத் தனியாகத் துவைக்க வேண்டும், துவைப்பவர் கையுறை போட வேண்டும். ஈரம் ஊறிய சட்டையோடு தெளிப்பதைத் தொடரக் கூடாது; துணி மருந்தை உறிஞ்சி உடம்போடு ஒட்ட வைக்கும். முதுகிலும் முன்பக்கத்திலும் மருந்து புகாத மேலங்கி அதற்கு மேல் வேண்டும். அதைக் கடையில்தான் வாங்க வேண்டும், வீட்டில் தைக்க வராது.

நான் பார்த்த அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பதை ஒட்டி வயதிருக்கும். ஊர் பெயர் நினைவிருக்கிறது, வீடு நினைவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பக்கம் போனபோது டீக்கடையில் விசாரித்தேன். எந்தக் குடும்பம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. "விதைப்பைத் துணியா? அப்ப எல்லார் வீட்டுப் பிள்ளையும் அதானே சார் போட்டுச்சு" என்றார் கடைக்காரர்.

சகோதரி, பைகளை இன்றே கொல்லையிலிருந்து அப்புறப்படுத்திவிட்டு, பழைய பேன்ட் ஒன்றை எடுத்துப் பிரியுங்கள். அளவு பிடிபடாவிட்டால் மறுபடி எழுதுங்கள். குரும்பை உதிர்வு பற்றி எழுதிய ஐந்து பேருக்கும் அடுத்த இதழில் பதில் உண்டு.