ஓலைச் சாய்ப்பு

திருச்செந்தூர் வட்டாரத் தேரிக்காட்டை ஒட்டியது எங்கள் ஊர். நான் பிறந்த வீட்டிற்குக் குளத்துக் களிமண்ணே சுவர். பனங்கைகளின் மேல் பனையோலைக் கூரை. மூன்று கோடைக்கொருமுறை ஊரார் கூடி வேய்ந்து தருவர்; கூலி, பதநீரும் சோறுமே.

2010-இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் அரசுத் திட்டம் வந்தது. நாங்களும் கட்டினோம். தீப்பயம் நீங்கியது, நள்ளிரவு மழையில் ஒழுகுமிடம் தேடிப் பாத்திரம் வைக்கும் வேலையும் நீங்கியது. ஏழைக்கு இது சிறிய நன்மையன்று. ஆயினும், பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் இரவில் கக்க, அம்மாவுக்கு உறக்கம் வரவில்லை. பின்புறம் ஓர் ஓலைச் சாய்ப்பு இறக்கித் தரக் கேட்டார்கள். அடுத்த கோடையில் ஆகட்டும் என்றேன். வேயத் தெரிந்தவர் அருகிவிட்டனர் என்பது சாக்கு. காரை வீட்டின் பின்னே குடிசையா என்ற கூச்சமே உண்மை.

மறு கோடையில் சாய்ப்பை இறக்கியபோது அம்மா இல்லை. அவர்களது பாயை விரித்து அதில் நான் படுக்கிறேன்.