மீட்டர் காட்டிய ஒன்று

மைக் செட் தொழிலில் 'யூனிட் போயிருச்சு' என்றால் யாரும் பதற மாட்டோம். முளைக்கொட்டுத் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ராத்திரி கரகரத்தால், காலையில் அதன் பின்னால் உள்ள யூனிட்டைக் கழற்றி, கருகிய டயாபிரத்தை உருவிவிட்டுப் புதியதை உட்கார வைப்போம். சாயங்காலம் பாட்டு ஓடும். மதுரையில் கம்பெனிப் பெயரையும் வாட்டையும் சொன்னால் போதும், டயாபிரம் கைக்கு வந்துவிடும். அந்தச் சுகத்தில் பழகிய கை என்னுடையது. முதுகுளத்தூரில் என் மேசைக்கு முதல் பழைய ஹெட்போன் வந்தபோது, அதையும் ஒரு குட்டி யூனிட் என்றே நினைத்தேன்.

கொண்டு வந்தவர் சவூதியில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மஞ்சள் பஞ்சு வைத்த ஹெட்போன். "செல்லுல சொருகிப் பாத்தேன் தம்பி. கொசு கத்துற மாதிரி கேக்குது. என்னன்னு பாத்துக் குடு" என்றார். அவரிடம் ஒரு பெட்டி நிறையக் கேசட். சின்ன வயதில் இலங்கை வானொலியிலிருந்து பதிந்து வைத்தவை. எங்கள் பக்கம் அப்போதெல்லாம் மத்திய அலையில் கொழும்பு, பக்கத்து வீட்டுப் பேச்சுப்போலக் கேட்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், மத்திய அலை தரையைவிடக் கடல்மேல் தேய்மானம் குறைந்து வெகுதூரம் வரும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்த வானொலியின் அறிவிப்பாளர்களான கே.எஸ். ராஜாவின் வேகத்தையும் பி.எச். அப்துல் ஹமீதின் நிதானத்தையும் காதோடு வைத்து மறுபடி கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை.

மீட்டரை எடுத்தேன். 200 ஓம் ரேஞ்ச். முனைகளை வைத்ததும் இடது ஓரத்தில் ஒற்றை '1' வந்து நின்றது. மறுபக்கமும் அதே '1'. பீப் சத்தமும் வரவில்லை. இரண்டு காயிலும் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பிளேடு நுனியால் ஒரு பக்கத்தை நெம்பினேன். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. மூச்சு பட்டாலே ஆடுகிறது. அது என் கையில் அறுந்தது.

எதற்கோ ரேஞ்சைக் கூட்டி, பிரிக்காத பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மீட்டர் 2,000 ஓமை ஒட்டி நின்றது. காயில் முழுசாக இருக்கிறது. அந்த '1' சொன்னது 'அறுந்தது' என்பதல்ல. 'இந்த ரேஞ்சுக்கு மேலே' என்பது. காயில் அறுந்திருந்தால் கொசுச் சத்தம்கூட வந்திருக்காது. அதை அவர் வாயாலேயே சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை.

அது ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் கொண்டுவந்த எச்.டி. 414. அதுவரை ஹெட்போன் என்றால் காதை இறுக்கி மூடும் கனத்த கிண்ணம். முதுகுப்பக்கம் திறந்த ஹெட்போனாகக் கடைக்கு வந்த முதல் மாடல் இதுதான். உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்றது. அதன் காயில் 2,000 ஓம். நாம் தினம் பார்க்கும் ஸ்பீக்கர் 8 அல்லது 16 ஓம். செல்போனுக்கு வரும் ஹெட்போன் பெரும்பாலும் 16 முதல் 32 ஓம். ஓம் கூடினால் கரண்டு குறைவாக இழுக்கும், ஆனால் வோல்டேஜ் தாராளமாக வேண்டும். பழைய டேப் ரெக்கார்டரும் ஆம்ப்ளிஃபயரும் அதைக் கொடுத்தன. கைபேசியின் சின்ன பேட்டரிக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஹெட்போனுக்கு ஒரு நோயும் இல்லை. நோயில்லாத ஆளை மேசையில் கிடத்தி அறுத்தவன் நான்.

உள்ளதைச் சொன்னேன். சிரித்தார். "எனக்கே ஒரு காதுதான் ஒழுங்காக் கேக்குது, விடு தம்பி" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்றைக்கே தேட ஆரம்பித்தேன்.

சென்னை ரிச்சி தெருவில் கால் தேய்ந்தது. அங்கே ஐ.சி. கிடைக்கும், டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும்; ஐம்பது வருடத்து ஹெட்போன் காயில் எவர் வைத்திருப்பார்? கடைசியில் தொழில்காரர் ஒருவர் மூலம், தலைப்பட்டை உடைந்த ஒரு 414 வந்தது. அதே பெயர், அதே மஞ்சள் பஞ்சு. அதன் காயிலை எடுத்து இதில் மாட்டிக் கேட்டால் ஒரு காதில் பாட்டு, மறு காதில் அதன் நிழல். மீட்டரை வைத்தேன்: வந்தது 600 ஓம் ரகம். பிற்காலத்தில் அதே பெயரில் வந்த மாடல். அடுத்த முறை மாடல் பெயரைச் சொல்லவே இல்லை. "ரெண்டாயிரம் ஓம் காட்டணும்ணே, மீட்டர வச்சுப் பாத்துட்டு எடுங்க" என்றேன். மும்பை சோர் பஜாரிலிருந்து ஒன்று வந்து சேர எட்டு மாதம் ஆனது.

அன்றிலிருந்து என் தேடல் முறை மாறிவிட்டது. பழைய சாமானுக்குப் பாகத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால் 'இல்லை' என்பார்கள். அளவு சொல்லிக் கேட்டால், அது வேறொரு தொழிலின் டப்பாவில் கிடக்கும்.

காதுப் பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். பாலியூரித்தேன் பஞ்சை ஈரமும் சூடும் சேர்ந்து உடைக்கும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு மாவாக உதிரும். எங்கள் ஊரில் தகரக் கூரைக்கடியில் பரண்மேல் போட்டால் இன்னும் சீக்கிரம். பேருந்து சீட் தைக்கும் கடையில் பஞ்சு உண்டு, ஆனால் எல்லாப் பஞ்சும் ஆகாது. முதுகு திறந்த ஹெட்போனில் பஞ்சு வெறும் மெத்தை அல்ல, சத்தம் அதன் வழியாகத்தான் காதுக்கு வருகிறது. துண்டை வாயில் வைத்து ஊதுங்கள். மூச்சு தடையில்லாமல் மறுபக்கம் போனால் அது சரியான பஞ்சு. அழகுக்காக மேலே ரெக்ஸின் தைத்தால், தலையோடு போர்த்திக்கொண்டு பேசுவதுபோல் ஆகிவிடும். தடிமனையும் மாற்றக்கூடாது, காதுக்கும் டயாபிரத்துக்கும் உள்ள தூரம் மாறினால் சத்தத்தின் குணம் மாறும்.

திருகு தொலைந்தால் நான் போவது மூக்குக்கண்ணாடிக் கடைக்கு. அங்கே இல்லையென்றால் வாட்ச் ரிப்பேர்காரரிடம். ஜாக்குப் பின் மைக் செட் கடையிலேயே உண்டு. பெரிய 6.35 மில்லிமீட்டர் பின்னை நாங்கள் பி-38 என்போம்.

வயர்தான் பொறுமையைச் சோதிக்கும். பெரும்பாலான ஹெட்போனில் வயர் அறுவது ஜாக்குப் பின்னை ஒட்டியோ, காதருகே மடங்கும் இடத்திலோதான். எனவே காயிலைத் தொடுமுன் அந்த இரண்டையும் வளைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது சாதாரணச் செம்புக் கம்பி அல்ல. நூலிழைகளோடு சேர்த்து முறுக்கிய, வார்னிஷ் பூசிய முடிக்கம்பிகள். ஈயத்தைக் காட்டினால் உருண்டு ஓடும். சால்டரிங் அயர்னின் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை நிறுத்தி, பேஸ்ட்டில் தொட்ட வயர் முனையை அதற்குள் சில விநாடி முக்கி வைக்க வேண்டும். வார்னிஷ் புகைந்து கருகும். பிறகு மெல்ல வெள்ளி நிறம் ஏறும். அவசரப்பட்டால் நூல் எரிந்து, கம்பி மட்டும் நின்று, இரண்டாம் நாள் முறியும். அந்தப் புகையை முகர வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இப்படி எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு, காயிலுக்கு மட்டும் இல்லை. அதைக் கையால் சுற்றிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நமக்குக் கைவராது. எடை கொஞ்சம் மாறினாலும் இரண்டு காதும் சண்டை போடும். அதற்கு ஒரே வழி, அதே அளவுள்ள இன்னொரு செத்த ஹெட்போன். இரண்டு செத்தால்தான் ஒன்று பிழைக்கும்.

அவருடையது பிழைத்தது. பெரிய பின் சொருகும் பழைய டெக் ஒன்றில் மாட்டி, அவர் கேசட்டையே போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், கழற்றி இடதையும் வலதையும் மாற்றி மாட்டிக் கேட்டார். "போனது ஹெட்போன் இல்ல, என் காதுதான்" என்றார். கூலி வாங்கவில்லை, வாங்கும் யோக்கியதை அன்று எனக்கு இல்லை.

உங்கள் வீட்டிலும் வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டு வந்த பழைய ஹெட்போன் ஒன்று பரணில் கிடக்கலாம். ஒரு காது கேட்கவில்லை என்று பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள ரேடியோ மெக்கானிக் எவரிடமாவது கொடுங்கள். செத்த காது குப்பைதான். உயிரோடிருக்கும் மற்றக் காதை, அதே அளவில் எங்கேயோ ஒருவர் தேடிக்கொண்டிருப்பார்.