கடன் அறிக்கையும் கடன் புள்ளியும்

கடன் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளிப்பது நமது மரபு. ஆயினும் வீடு கட்டவும், பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்பவும், சிறு தொழிலொன்றைத் தொடங்கவும் வங்கியின் படியேறாத குடும்பங்கள் இன்று அரியன. படியேறியவர் காதில் விழும் சொற்களுள் ஒன்று 'கிறிப்' என்பது. "கிறிப்பிலே பெயர் விழுந்துவிட்டது" என்று, குற்றவாளிகளின் பட்டியலிற் சேர்க்கப்பட்டவர் போலப் பலர் கலங்குவதைக் கண்டிருக்கிறேன். அறிக்கை வேறு, புள்ளி வேறு என்பதை உணராமையே இக்கலக்கத்திற்குப் பெரிதும் காரணமாகும்.

கிறிப் என்று நாம் வழங்குவது, 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தையாகும். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அனுப்பும் விபரங்களை அது திரட்டி வைக்கின்றது. ஒருவர் பெற்ற கடன் எவ்வளவு, மீதி எவ்வளவு, தவணை தவறியதுண்டா, எவருக்குப் பிணை நின்றார், பணமின்றித் திரும்பிய காசோலை உண்டா என்பனவெல்லாம் அறிக்கையில் இடம்பெறும். ஒழுங்காகக் கட்டியவர் பெயரும் அங்குண்டு. தவறியவர் பெயரும் அங்குண்டு. ஆகவே பெயர் இருப்பது இழுக்கன்று. கடன் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பதும் பணியகமன்று, வங்கியே.

புள்ளி என்பதோ அந்த அறிக்கையைக் கணிதம் படித்துக் கூறும் முடிவு. "இவர் இனித் தவணை தவறக்கூடுமா?" என்ற வினாவிற்கு அது எண்ணால் விடை பகர்கின்றது. அமெரிக்காவில் பில் ஃபெயர், ஏர்ல் ஐசாக் என்னும் இருவர் 1956இல் தொடங்கிய நிறுவனம் இத்துறையில் முன்னோடியாகும். 1989இல் அது வெளியிட்ட பொதுப் புள்ளி முறை இன்று 300 முதல் 850 வரை செல்லும். அதில் தவணை கட்டிய வரலாற்றுக்கு 35 வீதமும், இருக்கும் கடன் சுமைக்கு 30 வீதமும், கடன் வரலாற்றின் நீளத்துக்கு 15 வீதமும், புதிய கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும் தலா 10 வீதமும் மதிப்புண்டு. சம்பளம் அங்கே கணக்கில் வருவதில்லை. நமது பணியகமும் அண்மைக் காலத்திற் புள்ளி வழங்கத் தொடங்கியுள்ளது.

ஆசிரியன் என்ற முறையில் இவ்வுறவை விடைத்தாளுக்கும் புள்ளிக்கும் உள்ள உறவென்றே நான் விளக்குவதுண்டு. ஒரே விடைத்தாளுக்கு இரு பரீட்சகர் இருவேறு புள்ளி இடக்கூடும். எழுதாத விடைத்தாளுக்கு எவரும் புள்ளியிட இயலாது. ஒருபோதும் கடன் வாங்காதவரின் நிலையும் அதுவே. புள்ளி குறைந்ததேன் என்று அறிய விரும்புபவன் விடைத்தாளைத்தான் பார்த்தல் வேண்டும்.

என்னுடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், தமது கடனில் ஒரு தவணையேனும் தவறாதவர், வீட்டுக்குக் கூரை போடக் கடன் கேட்டார். "கிறிப் சரியில்லை" என்று மட்டும் கூறி வங்கி மறுத்துவிட்டது. மனிதர் இரண்டு நாள் உணவு கொள்ளவில்லை. அறிக்கையை எடுப்பித்து இருவரும் வரி வரியாகப் படித்தோம். அவருடைய கடன்கள் யாவும் பழுதற்றிருந்தன. அவர் மைத்துனரின் முச்சக்கர வண்டிக்குப் பிணை நின்ற கடனே எட்டு மாத நிலுவையில் நின்றது. கையொப்பமிட்டதையே அவர் மறந்துபோயிருந்தார். மைத்துனர் பின்னர் நிலுவையைக் கட்டினார். கூரையும் காலந் தாழ்த்தி ஏறிற்று. ஆனால் அவ்விரு குடும்பங்களும் இன்றும் முன்போற் பேசிக்கொள்வதில்லை.

அறிக்கையைக் கேட்டுப் பெறும் உரிமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. பிழை காணின் எழுத்து மூலம் திருத்தக் கோரலாம். அறிக்கை திருந்தினால் அதிலிருந்து பிறக்கும் புள்ளியும் திருந்தும். புள்ளியைத் தனியே திருத்தும் வழியொன்றில்லை. உண்மையான நிலுவையை எவராலும் அழிக்கவும் இயலாது. காலமும் ஒழுங்கான தவணைகளுமே அதற்கு மருந்து.

நாளை சம்பளம் பெறப்போகும் மாணவர்களுக்கு ஒன்று கூறுவேன். உறவினரோ நண்பரோ பிணைப் பத்திரத்தை நீட்டும்பொழுது, அது அவருடைய கடன் மாத்திரமன்று, உங்கள் ஏட்டிலும் எழுதப்படும் ஒரு வரி என்பதை எண்ணிய பின்னரே பேனாவைத் திறவுங்கள்.