வேகம் வேறு, அளவு வேறு

கருவிலிருக்கும் குழந்தைக்கு மூச்சும் உணவும் தொப்புள்கொடி வழியாகவே கிடைக்கின்றன. அதில் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் உண்டு. உயிர்வளி நிறைந்த இரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவருவது அந்தச் சிரைதான்.

சென்ற ஆண்டு என் அக்காவின் வயிற்றில் குழந்தை வளர்ச்சி குன்றியிருப்பதாக மருத்துவர் கூறினார். வாரந்தோறும் டாப்ளர் ஸ்கேன். மலாயில் ‘தாலி பூசாட்’ என்று நான் படித்ததை அம்மாவுக்குத் தமிழில் விளக்கினேன். “வேகம் இருக்கட்டும். ரத்தம் எவ்வளவு போகுதுன்னு கேட்டியா?” என்றார் அம்மா.

சரியான கேள்வி! அளவை அறிய வேகத்தோடு குழாயின் அகலமும் வேண்டும். அகலத்தை 10 விழுக்காடு கூட்டி அளந்தால், இரத்த அளவு 21 விழுக்காடு கூடிவிடும். ஸ்கேனில் அந்த மெல்லிய சிரையைத் துல்லியமாக அளப்பது கடினம்.

எம்.ஆர்.ஐ. கருவியோ குழாயின் பரப்பையும் அதனுள் ஓடும் வேகத்தையும் சேர்த்தே அளக்கும். வழக்கமான கருவிகள் 1.5 அல்லது 3 டெஸ்லா காந்த வலிமை கொண்டவை, உள்வாய் குறுகியவை. இப்போது 80 சென்டிமீட்டர் வாயுள்ள 0.55 டெஸ்லா கருவி வந்துள்ளது. நிறைமாதத் தாய்க்கும் அதில் இடமுண்டு. குடல்காற்றால் படம் சிதைவதும் குறைவு.

ஆனால் சமிக்ஞை மெலிந்தது. குழந்தையின் இதயமோ நிமிடத்திற்கு 110 முதல் 160 முறை துடிக்கும். அதன் மார்பில் கம்பி ஒட்டித் துடிப்பை அறியவும் வழியில்லை. பதிவான தரவிலிருந்தே துடிப்பைக் கணிக்கும் முறையை டொராண்டோ ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டனர். அத்தகைய கணிப்பே இன்று இந்த மெலிந்த காந்தத்திற்கும் கைகொடுக்கிறது.

வலிமை மிக்க காந்தமே சிறந்தது என்றெண்ணியிருந்தேன். தாய் நிம்மதியாகப் படுக்க முடிந்தால்தானே எதையும் அளக்க முடியும், நண்பர்களே!